சொதி ரூமும் முதல் இருபது நாளும்

ராத்திரி பதினொன்றே கால் இருக்கும். முழு ஊரடங்கு. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் நாய் குரைக்கிற சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கிளப்ஹவுஸ் என்ற குரல்வழிப் பேச்சுச் செயலியின் ஒரு ரூமில் முன்பின் தெரியாத நாற்பது பேர் சொதியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரூமைத் திறந்தவர் திருநெல்வேலி டவுன்காரர். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயதுக்குள் இருக்கும். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு எங்கள் பக்கம் வைக்கிற சொதியை அவர் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தேங்காயைத் திருகி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்து வைக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்க்க வேண்டும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அவர் சொல்லச் சொல்ல எனக்கு வாசனையே வந்துவிட்டது. அப்போதுதான் ஸ்டேஜுக்கு, அதாவது பேசுகிறவர்கள் இருக்கிற மேல் பகுதிக்கு, ஒரு அக்கா வந்தார். இருப்பது டொரண்டோ பக்கம், பிறந்தது யாழ்ப்பாணம். அங்கே மணி மதியம் இரண்டு ஆகப்போகிறது.

"தம்பி, நான் சொல்லுறது வேற சொதி. எங்கட சொதி தண்ணியா இருக்கும். இடியப்பத்துக்கு விட்டுச் சாப்பிடுறது."

"பருப்பு போட மாட்டீங்களாக்கா?"

"பருப்போ? சொதிக்கு ஆர் பருப்பு போடுறது?"

கிளப்ஹவுஸில் கைதட்ட முடியாது. மைக்கை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு என்று வேகமாகத் தட்டுவதுதான் கைதட்டல். ஸ்டேஜில் இருந்த ஆறு பேரின் படத்துக்கும் ஓரத்தில் அந்தச் சின்ன மைக் குறி துடித்துக்கொண்டே இருந்தது. அந்த அக்கா பச்சை மிளகாய், வெங்காயம், வெந்தயம், மஞ்சள் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் தேசிக்காய்ப் புளி விடுவோம் என்றார். தேசிக்காய் என்றால் என்ன என்று டவுன்காரர் கேட்டார். எலுமிச்சம்பழம் என்று ஈப்போவிலிருந்து ஒருவர் விளக்கினார். அவருக்கு அங்கே ராத்திரி ஒன்றே முக்கால், பசிக்கிறது என்றும் சொன்னார். தேங்காய்ப்பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்துபோகாதா என்று யாரோ கேட்க, "அடுப்பை நிப்பாட்டி இறக்கிப்போட்டு, சூடு கொஞ்சம் அடங்கின பிறகுதான் விடுறது" என்றார் அக்கா. ரூம் முடியும்போது மணி இரண்டு தாண்டிவிட்டது.

கிளப்ஹவுஸ் தமிழ்நாட்டுக்கு வந்த முதல் இருபது நாளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நாட்களில் ரூம்களில் ஆட்கள் சொன்னதை ஒரு பழைய டைரியில் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு இருந்தது. போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்த டைரி கையில் கிடைத்தது. படித்துப் பார்த்தால், பின்னாளில் நடந்த அத்தனையும் அந்த முதல் இருபது நாள் பேச்சிலேயே இருக்கிறது. புதிதாகக் குடி வந்தவர்களுக்குத்தான் குழாய் ஒழுகுவது கண்ணில் படும். மூன்று மாதம் போனால் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். இந்தச் செயலியை பால் டேவிசன், ரோஹன் சேத் என்ற இருவர் 2020 மார்ச்சில் அமெரிக்காவில் தொடங்கினார்கள். அப்போது அதில் எழுத்து கிடையாது, படம் போட முடியாது, வீடியோ கிடையாது. குரல் மட்டும்தான். ஐபோன் இருக்க வேண்டும், ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒருவர் அழைப்பு அனுப்ப வேண்டும். 2020 மே மாதம் அதில் இருந்தவர்கள் சுமார் 1,500 பேர்தான். அப்போதே அதன் மதிப்பு 10 கோடி டாலர் என்று முதலீட்டாளர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். 2021 ஜனவரி 31 அன்று எலான் மஸ்க் ஒரு ரூமில் வந்து பேசினார். 5,000 பேர் வரம்பு நிரம்பி வழிந்தது. அந்த ரூமை நடத்தியவர்கள் சென்னையிலிருந்து போன தம்பதி, ஸ்ரீராம் கிருஷ்ணனும் ஆர்த்தி ராமமூர்த்தியும். அடுத்த ஒரு வாரத்தில் சீனாவில் இருப்பவர்களும் தைவான்காரர்களும் ஒரே ரூமில் உட்கார்ந்து வேறெங்கும் பேச முடியாததைப் பேசினார்கள். பிப்ரவரி 8 அன்று சீன அரசு செயலியை முடக்கிவிட்டது. குரலுக்கு அவ்வளவு பசி இருந்திருக்கிறது.

நம் ஊரில் ஐபோன் எத்தனை பேரிடம் இருக்கிறது? அதனால் அதுவரை இங்கே அது சத்தமில்லாமல்தான் இருந்தது. ஆண்ட்ராய்டுக்கு இந்தியாவில் அது வந்தது 2021 மே 21 அன்று. அந்தத் தேதியை நான் மறக்க மாட்டேன். இரண்டாம் அலையில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் அதிகம் பேருக்குக் கொரோனா உறுதியானது அன்றைக்குத்தான்: 36,184 பேர். மூன்று நாள் கழித்து, மே 24 முதல் தளர்வுகளே இல்லாத ஊரடங்கு. மளிகைக் கடைகூடக் கிடையாது. காய்கறி வண்டி தெருவுக்குள் வந்தால்தான் உண்டு. போனை எடுத்தாலே யாருக்கு ஆக்ஸிஜன் படுக்கை வேண்டும் என்ற செய்திதான். அந்த நேரத்தில்தான் வாட்ஸப் குழுக்களில் "இன்வைட் இருக்கா?" என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு என் தம்பியின் காலேஜ் நண்பன் ஒன்று கொடுத்தான். யார் அழைப்பில் உள்ளே வந்தோம் என்பது நம் பக்கத்தில் கடைசிவரை எழுதியிருக்கும். எனவே அவன் பெயர் என் பெயருக்குக் கீழே நின்றது.

உள்ளே நுழைந்ததும் உங்களுக்கு எதில் ஆர்வம் என்று கேட்டது. ஸ்டார்ட்டப், முதலீடு, தொழில்நுட்பம், உடல்நலம் என்று கட்டம் கட்டமாக நீளமான பட்டியல். சாப்பாட்டுக்கும் ஒரு கட்டம் இருந்தது, அதைத் தொட்டேன். மொழி என்பதையும் தொட்டேன். வந்த ரூம்கள் எல்லாம் ஆங்கிலத்தில் எங்கோ தூரத்தில் நடந்துகொண்டிருந்தன. இது சான் பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்து எழுதிய பட்டியல் என்பது பார்த்தவுடன் தெரியும். நாம் யாரைப் பின்தொடர்கிறோமோ அவர் இருக்கிற ரூம் நம் முகப்பில் வரும் என்பதுதான் அதன் உண்மையான வழி. ஒரு ஆளைப் பிடித்தால் போதும். அவர் போன ரூம், அங்கே அவர் சந்தித்த ஆள், அந்த ஆள் திறந்த ரூம் என்று இரண்டே நாளில் என் முகப்பு முழுக்கத் தமிழாகிவிட்டது. ஆர்வத்தைப் பட்டியலில் டிக் அடித்துக் கண்டுபிடிக்க முடியும் என்று நான் அதற்கப்புறம் நம்பவில்லை. சொதியில் எனக்கு ஆர்வம் இருக்கிறது என்று அந்த ராத்திரிக்கு முன் யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதல் வாரம் எல்லோரிடமும் ஒரு கனிவு இருந்தது. புதிதாக வந்தவர் படத்தின் ஓரத்தில் ஏழு நாளைக்கு ஒரு கொண்டாட்டக் குல்லா போன்ற குறி இருக்கும். அதைப் பார்த்தாலே யாராவது "புதுசா வந்திருக்கீங்க, மேல வாங்க, பயப்படாதீங்க" என்று ஸ்டேஜுக்கு அழைப்பார்கள். மேலே வந்தவர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "தமிழ்ல பேசலாமா?" என்பதுதான். டைரியில் இதை நாலு இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தமிழ் ரூமில், தமிழ்த் தலைப்பில், எல்லோரும் தமிழ் பேசும்போதும் ஒருவருக்கு அப்படிக் கேட்கத் தோன்றியிருக்கிறது. கூட்டத்தில் மைக் பிடித்தால் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று யார் நமக்குள் ஏற்றி வைத்தார்களோ தெரியவில்லை.

நம் போனில் எண் இருக்கிற யாராவது புதிதாகச் சேர்ந்தால், வரவேற்கிறீர்களா என்று கேட்டு ஒரு தகவல் வரும். அழுத்தினால் நாம் இரண்டு பேர் மட்டும் ஒரு தனி ரூமில் இருப்போம். ஒருநாள் காலை ஆறு மணிக்கு அப்படி ஒரு தகவல். நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்தின் ஃபோர்மேன். ஒன்பது வருடமாகப் பேசியதில்லை. தூக்கக் கலக்கத்தில் அழுத்திவிட்டேன். "ஹலோ, யாரும்மா?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வீட்ல தனியாத்தாம்மா இருக்கேன், அவ போயிட்டா, இருபது நாள் ஆச்சு" என்றார். அவர் மனைவியை எனக்கு நன்றாகத் தெரியும். தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தனுப்புவார். நாங்கள் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு ராத்திரியும் பழைய பாட்டு ரூம்களில் கீழே உட்கார்ந்து கேட்பதை என் முகப்பில் பார்ப்பேன். ஒருதடவைகூடக் கை தூக்கவில்லை. பேசுகிறவர்களை வைத்துத்தான் அந்த இடத்தைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். கீழே சும்மா கேட்டுக்கொண்டு கிடந்தவர்களுக்குத்தான் அது அதிகம் உதவியது என்று எனக்குப் படுகிறது.

என் அத்தையும் அப்படித்தான். அறுபத்து நாலு வயது. கீரை ஆய்ந்துகொண்டே என் போனில் சொதி ரூமைக் கேட்பாள். டொரண்டோ அக்கா பேச ஆரம்பித்தால் கையை நிறுத்திவிடுவாள். "ஏட்டி, அந்தப் பிள்ளை என்ன சொல்லுதா? இன்னொரு தடவ சொல்லச் சொல்லு" என்பாள். இலங்கைத் தமிழை அவள் ரேடியோ சிலோனில் கேட்டு வளர்ந்தவள். ஆனால் ரேடியோவில் அது செய்தி வாசிக்கிற, பாட்டு அறிவிக்கிற தமிழ். சமையலறையில் நின்று பேசுகிற யாழ்ப்பாணத் தமிழை அவள் கேட்டது அதுதான் முதல்முறை. எழுதும்போது நாம் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே தமிழைத்தான் எழுதுகிறோம். ஃபேஸ்புக்கில் இரண்டு வரி படித்தால் எழுதியவர் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும், எந்த ஊர் என்று தெரியாது. இங்கே அது அப்படியே தலைகீழாக இருந்தது. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும், கட்சி தெரிய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்துக்குள் ஒருவரை நமக்குப் பிடித்துப்போக நிறைய வாய்ப்பு இருந்தது.

இனி டைரியில் இருக்கிற மற்ற பக்கங்கள்.

மே மாதம் முடிவதற்குள்ளேயே பெண்கள் மட்டும் இருந்த ஒரு ரூமில் எழுதி வைத்தது இது: "நான் எந்த ரூம்ல இருக்கேன்னு என் மாமாவுக்குத் தெரியுது." யாரைப் பின்தொடர்கிறோமோ அவர் இருக்கிற ரூம் முகப்பில் வரும் என்று சொன்னேன் இல்லையா, அதன் மறுபக்கம் இதுதான். சொந்தக்காரர் உங்களைப் பின்தொடர்ந்தால் நீங்கள் விவாகரத்தைப் பற்றிய ரூமில் இருப்பது அவருக்கும் தெரியும். அந்த ரூமில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் அன்று ராத்திரியே வேறு பெயரில் வரப்போகிறோம் என்றார்கள். உண்மைப் பெயரில்தான் வர வேண்டும் என்பது அங்கே விதி. உண்மைப் பெயரில் வந்தால் பேச முடியாது என்பது நம் ஊர்ப் பெண்களின் நிலைமை. இரண்டும் ஒன்றாகப் போகாது.

இன்னொன்று, ஜூன் முதல் வாரம். ஒரு பெண் தாலாட்டு ஒன்று பாடினார். அவர் பாட்டி பாடியதாம், நாற்று நடுகிற வேலைக்குப் போகும்போது தொட்டிலை வரப்பு மரத்தில் கட்டிப் பாடுவாராம். ரூமில் நூறு பேருக்கு மேல் இருந்தோம், ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் அந்தப் பாட்டு, அவருடைய படத்தோடு, ஒரு வீடியோ தளத்தில் மோசமான தலைப்பில் கிடந்தது. யாரோ போனின் ஸ்க்ரீன் ரெக்கார்டரைப் போட்டு எடுத்திருக்கிறார்கள். பேசுகிறவர்கள் எழுதிச் சம்மதம் தராமல் பதிவு செய்யக்கூடாது என்று விதி இருந்தது. விதியைப் படித்துவிட்டா எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர் அதற்கப்புறம் பாடவில்லை. அந்தத் தாலாட்டு அவரோடு போய்விட்டது, எனக்கு இரண்டு வரிதான் ஞாபகம் இருக்கிறது. இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது. எடுத்தவன் யார் என்று தெரிந்திருந்தால் நேரில் போய்க் கேட்டிருப்பேன்.

கேரளத்தில் அதே நாட்களில் நடிகர்கள் துல்கர் சல்மானும் பிருத்விராஜும், கிளப்ஹவுஸில் தங்கள் பெயரில் இருப்பது தாங்கள் இல்லை என்று அறிவிக்க வேண்டி வந்தது. நம் பக்கமும் இப்படிப் போலிப் பெயர்கள் நிறைய வந்தன. அது சீக்கிரம் பழகிவிட்டது.

சாதிப் பெயர் போட்ட ரூம்களை நான் முதலில் பார்த்தது ஜூன் இரண்டாம் வாரம். தலைப்பில் சாதி இல்லாவிட்டாலும் ஸ்டேஜில் யாரை ஏற்றுகிறார்கள், யார் கை தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதில் தெரிந்துவிடும். மாடரேட்டர் கையில் முழு அதிகாரமும் இருந்தது. ஏற்றலாம், இறக்கலாம், மைக்கை அணைக்கலாம். நல்ல மாடரேட்டர் கிடைத்த ரூம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். சொதி ரூமின் டவுன்காரர் ஒரு விஷயத்தில் ரொம்பக் கறாராக இருந்தார். பேசி முடித்தவர் தானாகக் கீழே இறங்க வேண்டும். "இறங்குங்க அண்ணாச்சி, அடுத்த ஆளு நிக்காரு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த ஒரு பழக்கத்தால்தான் அங்கே பெண்கள் பேசினார்கள் என்பது என் எண்ணம். அவர் பகலில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். அந்த மே, ஜூனில் மருந்துக் கடை வேலை என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதை முடித்து வந்து, யாரும் ஒரு பைசா தராத வேலையை ராத்திரி இரண்டு மணி வரை பார்த்தார். அந்த நிறுவனத்தின் மதிப்பு அந்த ஏப்ரலில் 400 கோடி டாலர் என்று செய்தி வந்திருந்தது. அந்த மதிப்பில் இவரைப் போன்றவர்களின் தூக்கமும் சேர்ந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காது கேளாதவர்கள் 2021 தொடக்கத்திலேயே இதைப் பற்றிக் கேள்வி எழுப்பியிருந்தார்கள். குரல் மட்டும் இருக்கிற இடத்தில், பேசுவதை எழுத்தில் காட்டும் வசதியும் இல்லாதபோது, அவர்களுக்குக் கதவே இல்லை. நான் குரலைப் பற்றி இவ்வளவு மகிழ்ந்து எழுதுகிறேன். அந்த மகிழ்ச்சிக்கு வெளியே அத்தனை பேர் நின்றார்கள் என்பதும் உண்மை.

அங்கே நிறுவனர்கள் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொதுக் கூட்டம் நடத்துவார்கள். அவர்களுக்குக் காலை ஒன்பது, நமக்கு ராத்திரி ஒன்பதரை. அடுத்து என்னென்ன வசதி வரப்போகிறது என்று உற்சாகமாகச் சொல்வார்கள். வந்தன, ஒவ்வொன்றாக. ஜூலை நடுவில் எழுத்தில் செய்தி அனுப்பும் வசதி வந்தது. ஜூலை 21 அன்று அழைப்பு இல்லாமலே யாரும் வரலாம் என்றானது. நவம்பரில் ரூமைப் பதிவு செய்து வைக்கும் வசதியும், தமிழ் உட்பட பதிமூன்று மொழிகளில் பொத்தான்களும் வந்தன. மே மாதத்தில் என் அத்தைக்கு அந்தப் பொத்தான்களின் பொருளை நான் ஒரு தாளில் தமிழில் எழுதி, போன் கவருக்குள் வைத்துக் கொடுத்திருந்தேன். "சத்தமில்லாமல் வெளியே போக" என்ற பொத்தான் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். எந்த விசேஷ வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் நல்லது என்பாள். தமிழ் வந்தபோது அவள் அங்கே போவதையே நிறுத்தியிருந்தாள்.

நவம்பருக்குள் எல்லாம் மாறியிருந்தது. அலுவலகம் திறந்துவிட்டது, பஸ் ஓடுகிறது, ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்கள் தூங்குகிறார்கள். ட்விட்டர் ஸ்பேசஸ் என்ற தன் குரல் ரூம்களை மே மாதமே திறந்திருந்ததால் அரசியல் பேசுகிறவர்கள் அங்கே போய்விட்டார்கள். ஊரடங்கு முடிந்ததால்தான் கிளப்ஹவுஸ் காலியானது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் தெரிகிறது. ஊரடங்கு முடிந்த பின்னும் ஆட்களுக்குத் தனிமை இருந்தது. அச்சக ஃபோர்மேனுக்கு இருந்தது, தாலாட்டு பாடிய பெண்ணுக்கும் இருந்திருக்கும். பாடுவதற்குப் பயமில்லாத ஒரு ரூம் இருந்திருந்தால் அவர் திரும்ப வந்திருப்பார். மாமாவுக்குத் தெரியாமல் பேச முடிந்திருந்தால் அந்தப் பத்துப் பன்னிரண்டு பெண்களும் இருந்திருப்பார்கள். இதையெல்லாம் அவர்கள் முதல் இருபது நாளிலேயே வாய்விட்டுச் சொன்னார்கள். 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் பாதிக்கு மேற்பட்ட ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் செயலியையே நண்பர்கள் ஒருவருக்கொருவர் குரல் செய்தி அனுப்பிக்கொள்ளும் இடமாக மாற்றினார்கள்.

சொதி ரூம் வெள்ளிக்கிழமை தோறும் நடந்தது. நாற்பது பேர் இருபதானார்கள், அப்புறம் எட்டு. 2022 பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம். டவுன்காரருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மறுவீட்டுச் சொதிக்கு எத்தனை தேங்காய் என்று அக்கா கேட்டார். இருநூறு பேருக்கு என்று அவர் சொல்ல, ஈப்போக்காரர் கணக்குப் போட ஆரம்பித்தார். அதுதான் கடைசி ரூம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் யாரும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்காவோடு இப்போதும் போனில் பேசுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை இடியாப்பம் பிழிந்து, பருப்பில்லாத சொதி வைத்தாள். அக்காவை வீடியோவில் கூப்பிட்டு அடுப்புக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தை எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்ததும் அங்கிருந்து சத்தம் வந்தது.

"அம்மா, பொறுங்கோ, பொறுங்கோ. அடுப்பை நிப்பாட்டுங்கோ முதல்ல."